பிட்கொயினைக் கடதாசியில் காப்பது எப்படி: வன்னியில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஒன்லைன் வேலைக்குக் கூலியாகவோ, கனடாவில் இருக்கிற அண்ணன் அனுப்பியோ உங்களிடம் கொஞ்சம் பிட்கொயின் வந்திருக்கிறது. எக்ஸ்சேஞ்சில், அதாவது கொயின் வாங்கி விற்கிற இணைய நிறுவனத்தில், விட்டுவைக்கப் பயம். போனில் வைக்கவும் பயம், அது எப்போது விழுந்து உடையும் என்று தெரியாது. "கடதாசியில் எழுதி வை, ஒருத்தனும் ஹேக் பண்ண ஏலாது" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது பாதி உண்மை. மற்றப் பாதியைத் தேடி நான் பட்ட பாட்டை நீங்களும் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழில் எனக்குக் கிடைத்த விளக்கங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு இணையத்தளத்தைத் திறந்து, பொத்தானை அமத்தி, வருவதை அச்சடிக்கச் சொல்கின்றன. அதைச் செய்யாதீர்கள். ஏன் என்று நான்காம் படியில் சொல்கிறேன்.

காணி உறுதி தொலைந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். பிறப்புச் சான்றிதழ் போனால் பிரதேச செயலகத்துக்குப் போகலாம். வங்கிப் புத்தகம் நனைந்தால் அடையாள அட்டையோடு போய் நிற்கலாம். பிட்கொயினைத் திறக்கிற இரகசியச் சொற்களை எழுதிய இந்தக் கடதாசிக்குப் பின்னால் அப்படி ஒரு பதிவேடு எங்கேயும் இல்லை. அழிந்தால் காசும் அதோடு போகும். வேறு யாரும் பார்த்துவிட்டாலும் அவ்வளவுதான், உங்கள் கையெழுத்தைக் கேட்காமலே காசை எடுத்துவிடுவார்கள்.

1. இது உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள்

இரண்டு மூன்று மாதத்தில் விற்றுச் செலவழிக்கப் போகிற காசு என்றால் இந்தச் சிரமம் வேண்டாம். நல்ல போன் வொலட் (கொயினை வைத்து அனுப்புகிற செயலி) ஒன்றும், அது தருகிற இரகசியச் சொற்களை எழுதிய ஒரு கடதாசியும் போதும். வருடக் கணக்கில் தொடாமல் வைக்கப் போகிற தொகைக்குத்தான் இனி வருவது.

"கொயின் வாங்கினால் மாதம் இவ்வளவு வரும், இரண்டு பேரைச் சேர்த்தால் இன்னும் வரும்" என்று ஊரில் நடக்கிற கூட்டங்களில் கொடுக்கப்படுவதைக் கடதாசியில் வைக்கவே முடியாது. சோதித்துப் பார்ப்பது சுலபம்: அந்தக் கொயினை உங்கள் சொந்த வொலட் முகவரிக்கு (வங்கிக் கணக்கு இலக்கம் போன்றது) இன்றைக்கே அனுப்பித் தரச் சொல்லுங்கள். "அடுத்த மாதம்", "லெவல் ஏறினால்" என்று பதில் வந்தால் அவர்களிடம் கொயின் இல்லை, உங்கள் காசுதான் இருக்கிறது.

சட்ட நிலையையும் அறிந்திருங்கள். கிரிப்டோ தொழில் நடத்த எந்த நிறுவனத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று மத்திய வங்கி 2018 இலிருந்து திரும்பத் திரும்ப அறிவித்திருக்கிறது. வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழான 2021ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பணிப்புரையின்படி, டெபிட், கிரெடிட் அட்டைகளைக் கிரிப்டோ வாங்கப் பயன்படுத்தவும் முடியாது. யாராவது ஏமாற்றினால் முறையிடப் போக மேற்பார்வை அமைப்பு இல்லை என்று வைத்துக்கொண்டே நடவுங்கள்.

2. எந்தக் காசு, எந்த வலையமைப்பு

நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குக் கூலி வருவது யூஎஸ்டிடியில், அதாவது டொலர் விலையோடு கட்டிய கிரிப்டோ நாணயத்தில். அதைக் கடதாசியில் வைக்க நான் சொல்லமாட்டேன். ஒரே யூஎஸ்டிடி பல வலையமைப்புகளில் ஓடுகிறது. ட்ரொன் முகவரி ஆங்கில டீ எழுத்தில் தொடங்கும், எதீரியம் முகவரி பூச்சியம், எக்ஸ் என்று தொடங்கும். மாறி அனுப்பினால் காசைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. ட்ரொனில் வைத்த யூஎஸ்டிடியை அசைக்க ட்ரொன் நாணயமும் கொஞ்சம் அதே முகவரியில் இருக்கவேண்டும். அதை வெளியிடுகிற டெதர் நிறுவனம் நினைத்தால் ஒரு முகவரியையே முடக்கலாம் என்பது வேறு.

எனவே கீழே உள்ளது முழுவதும் பிட்கொயினுக்கு.

3. வேண்டிய பொருட்களும் செலவும்

அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, பதிவு எதுவும் வேண்டாம். அவற்றை எக்ஸ்சேஞ்ச் கேட்கும், கடதாசி கேட்காது. வேண்டியவை இவை:

8 ஜீபீ அல்லது அதற்கு மேற்பட்ட புது பென் டிரைவ் ஒன்று. ஒரு லப்டொப், பழசானாலும் பரவாயில்லை. டெய்ல்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைத் தரவிறக்க டேட்டா, ஏறத்தாழ 2 ஜீபீ. தடித்த வெள்ளைக் கடதாசி, சாதாரண போல்பொயின்ட் பேனை, வாயை அமத்தி மூடுகிற பிளாஸ்டிக் பைகள் (சிப் பை). லப்டொப் இருந்தால் மற்றதெல்லாம் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும், அதில் பெரும்பங்கு பென் டிரைவுக்கே. பிரின்டர் வேண்டாம். இருந்தாலும் அதைத் தொடவேண்டாம்.

ஹாட்வெயார் வொலட், அதாவது சாவியை வைக்கவென்றே செய்த சின்னக் கருவி, வாங்க வசதி இருந்தால் அது இதைவிடச் சுலபம். ஆனால் டொலரில் விலை, அதோடு தபால், சுங்கம் என்று ஏறும். மலிவு என்று பாவித்ததை வாங்கவே கூடாது. பெட்டிக்குள் ஏற்கனவே சொற்கள் எழுதிய அட்டையோடு வருவது பழைய மோசடி. அந்தச் சொற்கள் விற்றவனிடமும் இருக்கும்.

நேரம்: தரவிறக்கத்துக்கு உங்கள் சிக்னலைப் பொறுத்து ஒரு இரவு. மற்ற வேலை ஒரு பின்னேரம். கதவைச் சாத்தக்கூடிய அறையும், யாரும் வராத பொழுதும் வேண்டும். லப்டொப் பற்றரி நிறைந்திருக்கட்டும். இடையில் கரண்ட் போனால் டெய்ல்ஸ் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

4. சாவியை உருவாக்குதல்

பிட்கொயின் வொலட் என்பது அடிப்படையில் ஒரு மிகப் பெரிய எண். அதைத்தான் பிரைவேட் கீ என்கிறார்கள். அந்த எண் உண்மையிலேயே குருட்டுவாக்கில் தெரிவாகியிருந்தால் உலகத்துக் கணினிகள் எல்லாம் சேர்ந்தாலும் ஊகிக்க முடியாது. எண்ணைத் தெரிந்தெடுக்கிற மென்பொருள் பிழையாக இருந்தால், கடதாசியை எங்கே ஒளித்தாலும் பயனில்லை.

நடந்ததைப் பாருங்கள். வொலட்ஜெனரேட்டர் என்ற தளத்தில் 2018 ஆவணிக்குப் பிறகு ஓடிய நிரல், ஒரே சாவியைப் பலருக்குக் கொடுக்கக்கூடியதாக இருந்ததை 2019இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2018 தையில் ஐயோட்டா நாணயக்காரர் பலர், இணையத்தில் இருந்த ஒரு "சீட்" (சாவி பிறக்கிற இரகசிய எழுத்துகள் அல்லது சொற்கள்) உருவாக்கும் தளத்தை நம்பிப் பெருந்தொகையை இழந்தார்கள். அந்தத் தளம் கொடுத்த சாவிகள் அதை நடத்தியவனுக்கும் தெரிந்திருந்தன. 2023இல் லிப்பிட்கொயின் என்ற, விஷயம் தெரிந்தவர்கள் பாவிக்கிற கருவியே 32 பிட் அளவுக்குத்தான் குருட்டுத்தன்மை தந்தது என்று வெளிவந்தது. அதை உடைக்கச் சாதாரணக் கணினி போதும். கடதாசியைப் பத்திரமாகப் பூட்டி வைத்தவர்களும் இவற்றில் காசை இழந்தார்கள்.

சரி, செய்வது இப்படி. டெய்ல்ஸின் சொந்தத் தளத்தில் இருந்து கோப்பைத் தரவிறக்கி, அந்தப் பக்கத்திலேயே இருக்கிற சரிபார்க்கும் பொத்தானால் கோப்பு அசல்தானா என்று பாருங்கள். பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து லப்டொப்பை ஆரம்பியுங்கள். வரவேற்புத் திரையில் மேலதிக அமைப்புகளுக்குள் போய் "ஒஃப்லைன் மோட்" தெரிவு செய்யுங்கள். ரவுட்டரையும் நிறுத்திவிடுங்கள், மனதுக்கு நிம்மதி. போன் அறைக்கு வெளியே இருக்கட்டும்.

டெய்ல்ஸில் எலெக்ட்ரம் என்ற வொலட் ஏற்கனவே இருக்கும். அதைத் திறந்து "ஸ்டாண்டர்ட் வொலட்", பிறகு "நியூ சீட்". திரையில் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் வரும். இவைதான் உங்கள் காசு. 2,048 சொற்கள் கொண்ட நிரந்தரப் பட்டியலில் இருந்து எடுக்கப்பட்டவை. இவற்றை வைத்து எத்தனை முகவரியையும் திரும்ப உருவாக்கலாம்.

நீங்களாக ஒரு வசனத்தை யோசித்துச் சாவியாக்கப் பார்க்காதீர்கள். பாட்டு வரி, திருக்குறள், குலதெய்வத்தின் பெயர் எல்லாவற்றையும் கணினிகள் வரிசையாகச் சோதித்துக்கொண்டிருக்கின்றன.

5. எழுதுதல்

சொற்களை ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், இலக்கமிட்டு எழுதுங்கள். தமிழ் எழுத்தில் எழுதவேண்டாம், நம் ஒரு எழுத்து ஆங்கிலத்தின் இரண்டு மூன்று ஒலிக்கு நிற்கும், பிறகு எந்தச் சொல் என்று குழப்பம் வரும். வரிசை மாறினாலும் வொலட் திறக்காது. கீழே "எலெக்ட்ரம் வொலட்" என்றும் திகதியும் குறியுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எலெக்ட்ரத்தின் சொற்கள் வேறு வொலட்டுகளில் அப்படியே வேலை செய்யாது. பத்து வருடம் கழித்துப் பிள்ளை வேறு வொலட்டில் போட்டுப் பார்த்து, "பிழையான சொற்கள்" என்று வந்ததும் கடதாசியை எறிந்துவிடும்.

ஜெல் பேனை, மைப் பேனை தண்ணீர் பட்டால் பரவும். இங்க்ஜெட் அச்சும் அப்படித்தான். கடை பில் அடிக்கிற வழுவழுப்புக் கடதாசி சூட்டில் கறுத்து, சில வருடத்தில் வெறுமையாகிவிடும். போல்பொயின்ட் நல்லது. பென்சில் எழுத்தும் தண்ணீரில் கரையாது, வெயிலில் மங்காது, அழிப்பானைத்தான் பயப்படவேண்டும்.

கொமினிகேஷன் கடை இந்த விஷயத்தில் பெரிய பொறி. போட்டோக்கொப்பி, பிரின்ட், லெமினேட் எல்லாம் அங்கேதான் நடக்கும், கடைக்காரர் நல்ல மனிதராகவும் இருப்பார். ஆனால் இன்றைய கொப்பி மெசின்களில் பலவற்றுக்குள் நினைவகம் இருக்கிறது. பிரின்ட் எடுக்க வட்ஸ்அப்பில் அனுப்பினால் அது கடையின் போனிலும், கணினியிலும், உங்கள் போனிலும் கிடக்கும். கரண்ட் போய் வந்ததும் வரிசையில் நின்ற பிரின்ட் தானாக வெளியே வந்து விழுவதும் நடக்கும். இரண்டாவது பிரதியையும் கையாலேயே எழுதுங்கள்.

போட்டோ எடுக்கக் கூடாது என்று தனியாகச் சொல்லவேண்டுமா? சொல்லத்தான் வேண்டும். பல போன்கள் எடுத்த படத்தை உடனே கூகிள் போட்டோஸுக்கு ஏற்றிவிடும். பிறகு உங்கள் ஜீமெயில் கடவுச்சொல் எவ்வளவு பலமோ அவ்வளவுதான் உங்கள் காசின் பலம்.

இன்னொன்று: ஆறு சொல் எனக்கு, ஆறு சொல் தம்பிக்கு என்று பிரிக்கிற பழக்கம். கேட்க நல்லாயிருக்கும். இரண்டு துண்டில் ஒன்று தொலைந்தாலே முழுக்காசும் போகும், ஒன்றைக் கண்டெடுத்தவனுக்கு மீதியை ஊகிக்கிற வேலை பாதிக்குமேல் குறையும். இரண்டு பக்கமும் நட்டம். முழுசாக இரண்டு பிரதி, இரண்டு இடம்.

6. காசு போடமுன் ஒத்திகை

எழுதி முடித்ததும் எலெக்ட்ரம் காட்டுகிற முதல் முகவரியைத் தனிக் கடதாசியில் எழுதுங்கள். பீசீ1கியூ என்று தொடங்கும், 42 எழுத்துகள். இது இரகசியம் இல்லை, சொற்கள் திரையில் இல்லாதபோது போனால் படம் பிடித்தாலும் பாதகமில்லை. பிறகு லப்டொப்பை முழுதாக நிறுத்துங்கள். திரும்ப டெய்ல்ஸை அதேபோல ஒஃப்லைனில் ஆரம்பித்து, இப்போது "ஏற்கனவே சீட் இருக்கிறது" என்பதைத் தெரிந்து, உங்கள் கையெழுத்தைப் பார்த்தே பன்னிரண்டு சொல்லையும் அடியுங்கள். இரண்டாம் பிரதியைப் பார்த்தும் ஒருமுறை. அதே முகவரி வந்தால் இரண்டு கடதாசியும் சரி.

இதற்கு ஒரு சதமும் செலவில்லை. இருந்தும் பெரும்பாலானோர் தாண்டிப்போகிற படி இதுதான்.

7. காசு அனுப்புதல்

முதலில் சிறு தொகை. எக்ஸ்சேஞ்ச் வெளியே அனுப்ப நிலையான கட்டணம் எடுக்கும், அதை முதலிலேயே பாருங்கள், சிறு தொகையில் பாதியை அதுவே தின்னலாம். முகவரியை ஒட்டியபின் முதல் ஆறு, கடைசி ஆறு எழுத்தையாவது கண்ணால் ஒப்பிடுங்கள். ஒட்டுகிற நேரத்தில் முகவரியை மாற்றிவிடுகிற வைரசுகள் உண்டு. முகவரிக்குக் கியூஆர் செய்ய கூகிளில் தேடி வருகிற தளங்களையும் நம்பாதீர்கள். 2019இல் அப்படி முன்வரிசையில் வந்த ஐந்தில் நான்கு, திருடனுடைய முகவரியைக் கியூஆராக்கித் தந்தது தெரியவந்தது.

பிட்கொயினில் பரிமாற்றங்கள் தொகுதி தொகுதியாகப் பதிவாகும், சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தொகுதி. உங்கள் பரிமாற்றம் பதிந்த தொகுதியும், அதன்மேல் வரும் ஒவ்வொரு தொகுதியும் ஒரு உறுதிப்படுத்தல். ஆறு உறுதிப்படுத்தல் வர ஏறத்தாழ ஒரு மணி நேரம். முகவரியைப் பொதுத் தளம் ஒன்றில் போட்டுப் பார்த்தால் வந்துசேர்ந்தது தெரியும், அதற்குக் கடதாசியைத் திறக்கவேண்டியதில்லை.

முகவரி தெரிந்த எல்லோருக்கும் அதில் உள்ள தொகையும் தெரியும். சுவிஸில் இருக்கிற மாமாவுக்குக் கொடுத்த முகவரியிலேயே நீங்கள் சேமிப்பையும் போட்டால், அங்கே இருந்தபடி மாமா உங்கள் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். எலெக்ட்ரம் அதே சொற்களில் இருந்து பல முகவரி தரும், ஆளுக்கு ஒன்று கொடுங்கள்.

சின்னச் சின்னத் தொகையாக அடிக்கடி போடவும் வேண்டாம். பிட்கொயின் கட்டணம் தொகைக்கு அல்ல, பரிமாற்றத்தின் அளவுக்கு. சாதாரண அனுப்புகை ஏறத்தாழ 140 பைட், பைட்டுக்கு 10 சடோசி (ஒரு பிட்கொயினில் பத்துக்கோடியில் ஒரு பங்கு) என்றால் 1,400 சடோசி. வந்துசேர்ந்த ஒவ்வொரு துண்டும் எடுக்கும்போது இன்னும் 68 பைட் அளவு கூட்டும். வாரக் கூலியை வேறிடத்தில் சேர்த்து, மொத்தமாக அனுப்புங்கள்.

8. வைக்கும் இடம்

நம் ஊரில் கடதாசிக்கு எதிரிகள் தண்ணீர், கறையான், எலி, நெருப்பு, உறவினர்.

2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் எத்தனை வீட்டில் அலுமாரியின் கீழ்த்தட்டு மூழ்கியது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். எனவே நிலத்தோடு ஒட்டிய இடம் வேண்டாம், மண்ணில் புதைப்பது வேண்டவே வேண்டாம். கூரைக்கு அடியிலும் வேண்டாம், தகரக் கூரையின் சூடும் ஒழுக்கும் சேர்ந்து கடதாசியைப் பொடியாக்கும். இரண்டு சிப் பை, ஒன்றுக்குள் ஒன்று, உள்ளே காற்றை அமத்தி எடுத்துவிட்டு, இரும்பு அல்லது எவர்சில்வர் டப்பாவில், ஆள் உயரத்தில். மரப்பெட்டிக்குக் கறையான் வரும்.

இரண்டாம் பிரதி வேறு ஊரில் இருக்கவேண்டும். புதுக்குடியிருப்பில் ஒன்று, வவுனியாவில் அக்கா வீட்டில் ஒன்று என்றால் ஒரே வெள்ளம் இரண்டையும் தொடுவது அரிது. கையொப்பமிட்டு ஒட்டிய கடித உறையில் வையுங்கள், திறந்தால் தெரியும். வங்கிப் பெட்டகம் எல்லாக் கிளையிலும் இல்லை, இருக்கிற கிளையில் வருட வாடகை, யார் யார் திறக்கலாம், நீங்கள் இல்லாதபோது என்ன நடைமுறை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பணம் கொஞ்சம் பெரிதென்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் எழுத்துப் பஞ்ச் வைத்து அடித்துவிடுங்கள். ஹாட்வெயார் கடையில் எழுத்துப் பஞ்ச் பெட்டியாகக் கிடைக்கும். லேத் கடையில் கொடுத்து அடிப்பிக்க வேண்டாம், சத்தம் போட்டாலும் வீட்டிலேயே அடியுங்கள்.

மாரி தொடங்கமுன் ஒருமுறை, தை முடிந்ததும் ஒருமுறை பையை எடுத்து ஈரம் பாருங்கள். எழுத்து மங்கியிருந்தால் புதிதாக எழுதி, பழையதை எரித்துவிடுங்கள்.

9. எடுக்கும்போது

பன்னிரண்டு சொல்லை இணையத்தில் உள்ள கணினியிலோ போனிலோ ஒருமுறை அடித்துவிட்டால், அந்தக் கடதாசி இனிக் குளிர்ந்த சேமிப்பு, அதாவது இணையத்தைத் தொடாத சேமிப்பு, இல்லை. பாதியை எடுத்துவிட்டு மீதியை அப்படியே விடாதீர்கள். புதிய சொற்களை 4ஆம் படியில் சொன்னபடி முதலே தயார் செய்து, மீதியை அங்கே மாற்றுங்கள்.

எலெக்ட்ரத்தை அதன் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள். அதே 2018 மார்கழியில், பழைய எலெக்ட்ரத்துக்குள் "புதுப்பிக்கவும்" என்று போலிச் செய்தி காட்டிக் களவெடுத்தவர்கள் 200 பிட்கொயினுக்கு மேல் கொண்டுபோனார்கள். உதவிக் குழு என்று டெலிகிராமில் வந்து சொற்களைக் கேட்பவன் எவனானாலும் கள்வன்.

யாரோ முன்பு அச்சடித்துத் தந்த, ஒற்றைச் சாவியும் கியூஆரும் உள்ள பழைய பேப்பர் வொலட் உங்களிடம் இருந்தால் கூடுதல் கவனம். அந்தச் சாவி 5, கே, எல் ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும். 6பி என்று தொடங்கினால் கடவுச்சொல் போட்டுப் பூட்டியது, அந்தக் கடவுச்சொல் இல்லாமல் ஒன்றும் நடக்காது. இந்த வகையில் கொஞ்சத்தை மட்டும் அனுப்பினால், மிச்சம் வேறு புது முகவரிக்குப் போகும்படி மென்பொருள் செய்யலாம். கடையில் பெரிய நோட்டைக் கொடுத்தால் மிச்சக்காசு கையில் வருவதுபோல, பழைய முகவரி முழுதாகக் காலியாகி மிச்சம் வேறிடத்தில் சேரும். மென்பொருளை அழித்துவிட்டு "கடதாசியில் மிச்சம் இருக்கிறதுதானே" என்று இருந்தவர்கள் எல்லாவற்றையும் இழந்திருக்கிறார்கள். எனவே "இம்போர்ட்" வேண்டாம், "ஸ்வீப்" என்பதைத் தெரிந்து முழுத்தொகையையும் உங்கள் புதுச் சொற்களுக்கு ஒரேயடியாக மாற்றுங்கள். எந்தத் தளத்தில் செய்தது என்று தெரியாத கடதாசி என்றால் இந்த வாரமே மாற்றுங்கள். சொற்களால் ஆன வொலட்டில் இந்த மிச்சப் பிரச்சினை இல்லை, மிச்சமும் அதே சொற்களுக்குள்தான் வரும்.

10. உங்களுக்குப் பிறகு

மரணசாதனம் எழுதுவதென்றால் நொத்தாரிசும் இரண்டு சாட்சியும், நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சியும் வேண்டும். அதில் சொற்களை எழுதாதீர்கள். அத்தனை பேரும் பார்ப்பார்கள், பிறகு அது நீதிமன்றக் கோப்புக்குள் போகும். "என் கிரிப்டோ சேமிப்பு இன்னாருக்கு" என்ற அளவோடு விடுங்கள்.

தனியாக ஒரு கடிதம், தமிழில். கடதாசி எங்கே இருக்கிறது, எலெக்ட்ரம் என்றால் என்ன, குடும்பத்தில் கணினி தெரிந்த யாரிடம் கேட்கலாம், எந்தக் காரணத்துக்காகவும் சொற்களை யாருக்கும் போனில் வாசித்துக் காட்டக் கூடாது. எவ்வளவு இருக்கிறது என்று அதில் எழுதவேண்டியதில்லை. மனைவியோ கணவரோ ஒருமுறை உங்கள் பக்கத்தில் இருந்து 6ஆம் படியின் ஒத்திகையைத் தானே செய்து பார்க்கட்டும். கடிதத்தில் எங்கே விளங்கவில்லை என்பது அப்போதே வெளிக்கும், அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.